பங்குத்தந்தையின் செம்மஞ்சள் சப்பாத்து



கடந்த சில ஞாயிற்றுக்கிழமைகளாக நான் பீடத்தின் படிகளில் ஏறும்போது உங்களிற் பலருடைய பார்வை திருச்சிலுவையை நோக்காமல் என் கால்களை நோக்குவதை அவதானித்து வருகிறேன். நற்கருணை வாங்க வருகிறவர்கள் ஆழ்ந்து தலைகுனிந்து வருவதைக் கண்டு, இந்தத் தவக்காலம் நல்ல பலன் தந்திருக்கிறது என்று முதலிற் பெருமைப்பட்டேன். உண்மை பின்னரே விளங்கிற்று. வெள்ளை அங்கியின் விளிம்புக்குக் கீழே, பழுத்த தோடம்பழத்தின் நிறத்தில் இரண்டு ஓட்டச் சப்பாத்துகள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன.

நம் பங்கிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: "சுவாமி, திருவழிபாட்டு நிறங்கள் வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா எண்டுதான் நாங்கள் படிச்சனாங்கள். செம்மஞ்சள் எந்தக் காலத்துக்குரியது?" மலிவு விற்பனைக் காலத்துக்குரியது என்று உண்மையைச் சொன்னேன். பீடப் பணியாளர்களுள் மூத்தவனான பதினேழு வயதுப் பையன் மட்டும் என்னை உற்சாகப்படுத்தினான். "ஃபாதர், உங்கட ஷூ சிக்!" என்றான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது நோயைக் குறிக்கும் சொல். என் நோய் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். இக்கால இளைஞர் மொழியில் அது உயர்ந்த பாராட்டு என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். ஆயினும் அவன் அறியாமற் சொன்னது இரண்டு பொருளிலும் சரியாகவே இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் என் குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டுத் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சீனி வருத்தம். எனக்கு அதிர்ச்சியில்லை. நாற்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் வீடு சந்திக்கப் போன இடங்களில் நான் மறுத்த தேநீர்கள் மிகக் குறைவு. நீங்கள் அன்போடு கலக்கி நீட்டிய சீனி முழுவதும் வீண்போகாமல் என் இரத்தத்திற் பத்திரமாக இருக்கிறது என்பதை இச்சந்தர்ப்பத்தில் நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன். வைத்தியர் மாத்திரைகளோடு இரண்டு கட்டளைகளையும் தந்தார். தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும்; ஒவ்வோர் இரவும் உள்ளங்கால்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது விளங்கிற்று. முகத்தையே கண்ணாடியிற் பார்க்க நேரமில்லாத எனக்கு இரண்டாவது கட்டளை விசித்திரமாகப் பட்டது. அதன் பொருளை ஒரு பெரிய வியாழன் இரவில்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வாரம், அடக்கப் பூசைக்கு அணியும் கறுத்தத் தோற்சப்பாத்தோடு ஹம்பர் ஆற்றின் மேற்குக் கிளையோரமாக நடந்தேன். அங்கே முதிய சீக்கியப் பெரியவர்கள், மேலே குர்தாவும் தலைப்பாகையும் கீழே பளபளக்கும் ஓட்டச் சப்பாத்துமாக, என்னைக் கடந்து காற்றைப்போலப் போனார்கள். நான் இரண்டு குதிக்கால்களிலும் கொப்புளங்களோடு பங்குமனைக்குத் திரும்பினேன். அந்த ஞாயிறு நான் நொண்டி நொண்டிப் பீடத்துக்குப் போனதைப் பார்த்து, சுவாமியார் ஏதோ கடுந்தவம் செய்கிறார் என்று சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்வி. அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாவத்தையும் பாவசங்கீர்த்தனத்திற் சேர்த்துக்கொண்டேன்.

சப்பாத்து வாங்குவது இவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் கடைக்காரர் உங்கள் காலைப் பார்ப்பார், ஒரு பெட்டியை எடுப்பார், "போட்டுப் பாருங்கோ, நடக்க நடக்க இளகும்" என்பார், அதோடு சரி. இங்கேயோ ஓட்டச் சப்பாத்துக்கென்றே தனிக் கடைகள் உண்டு. நான் போன கடையில், என் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, ஓடும் பட்டி ஒன்றின்மேல் ஏற்றி, பின்னாலிருந்து என் கணுக்கால்களைக் காணொளி எடுத்தார்கள். பிறகு அந்த இளைஞன் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். என் பாதங்கள் உட்பக்கமாகச் சரிகின்றனவாம். அறுபத்தாறு வருடங்களாகச் சரிந்த கால்களோடு நேரிய வழியைப் போதித்து வந்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன்பின் வந்தது பெயர்ப் பட்டியல். குருமடத்தில் நாங்கள் வருந்திக் கற்ற செம்மொழிகள் எதற்குப் பயன்படும் என்று கொழும்புத்துறையில் இருந்த காலத்தில் முணுமுணுத்திருக்கிறேன். அவை சப்பாத்துக் கடையிற் பயன்படும் என்று இப்போது கூறுகிறேன். நைக்கி என்பது கிரேக்கரின் வெற்றித் தேவதை. அசிக்ஸ் என்பது ஓர் இலத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள்: அனிமா சானா இன் கோர்ப்பரே சானோ, நலமான உடலில் நலமான ஆன்மா. ஜுவனாலிஸ் என்ற உரோமைக் கவி உள்ளம் என்று எழுதிய இடத்தில் அந்த யப்பானிய நிறுவனம் ஆன்மா என்று மாற்றி வைத்திருக்கிறது. சப்பாத்து விற்பவர்கள் ஆன்மாவைப் பற்றிக் கவலைப்படுவது நல்லதுதான்; ஆனால் அந்தத் துறையில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறோம்.

இளைஞன் என் காணொளியை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கு கோஸ்ட் ஒத்துவரும்" என்றான். புரூக்ஸ் என்ற நிறுவனத்தின் புகழ்பெற்ற சப்பாத்து ஒன்றுக்கு அதுதான் பெயர் என்று எனக்குத் தெரியாது. "நாற்பது வருடமாக ஒத்துவந்துகொண்டுதான் இருக்கிறது" என்றேன். அவன் சற்றும் தயங்காமல், "அப்படியா? எத்தனையாம் பதிப்பு?" என்று கேட்டான். திரித்துவத்தின் மூன்றாம் ஆள் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

பின்னர் அவன் எனக்கு மறைக்கல்வி நடத்தினான். குதிக்கும் விரலுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசத்தை மில்லிமீற்றரிற் சொன்னான். அடிப்பகுதியின் நுரை எத்தகையது, காலடி வைக்கும்போது அது வாங்கிய சக்தியில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்று விளக்கினான். மிக விலையுயர்ந்தவற்றின் நுரைக்குள்ளே ஒரு கரிமத் தகடு பதித்திருக்கிறார்கள் என்றபோது எனக்கு உடனே குதிரை லாடம் நினைவுக்கு வந்தது. நம் ரெக்ஸ்டேலில் ஓட்டத்துக்குப் பேர்போன ஒரே இடம் வுட்பைன் பந்தயத் திடல் அல்லவா? 1973இல் செக்ரெட்டேரியட் என்ற மாபெரும் குதிரை தன் கடைசி ஓட்டத்தை ஓடி வென்றது இங்கேதான். அந்தக் குதிரைகளும் பந்தயத்துக்கென்று தனியாக இலேசான லாடம் அணிகின்றன. ஆனால் விலையை அவற்றிடம் யாரும் சொல்வதில்லை. என்னிடம் சொன்னார்கள். அதைவிட என்னை உலுக்கியது, 500 முதல் 800 கிலோமீற்றர் ஓடியதும் அதை மாற்றிவிட வேண்டும் என்ற அறிவுரை. நம் ஊரில் ஒரு பாட்டாச் செருப்பு மூத்தவனிடமிருந்து இளையவனுக்கு இறங்கி, வார் அறுந்தால் அடியில் ஒரு சட்டைப்பின்னைக் குத்திக்கொண்டு, குதிப்பக்கம் கடதாசிபோலத் தேய்ந்து நிலத்தின் சூடு தெரியும்வரை உழைக்கும்.

பாட்டா என்றவுடன் ஒரு சிறு விலகல். அந்தப் பெயரைத் தந்த பாட்டா குடும்பம் செக்கோஸ்லவாக்கியாவிலிருந்து 1939இல் இதே ஒன்ராறியோவுக்கு இடம்பெயர்ந்து வந்தது என்பதும், ரொறொன்ரோ புளோர் வீதியில் அவர்கள் அமைத்த பாட்டாச் சப்பாத்து அருங்காட்சியகம் 1995இல் திறக்கப்பட்டது என்பதும் உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்காது. மூடி சற்றே விலகிய சப்பாத்துப் பெட்டியின் வடிவிலேயே அந்தக் கட்டடத்தை அமைத்திருக்கிறார்கள். சுரங்க ரயிலில் போனால் வாசலிலேயே இறங்கலாம். சப்பாத்து என்ற சொல்லும் பயணப்பட்டு வந்ததுதான், போர்த்துக்கேயரின் சப்பாத்தோ. கதிரையும் அலுமாரியும் பாணும் கத்தோலிக்க மறையும் வந்த அதே கப்பல்களிலேயே சப்பாத்தும் நம் கரையில் இறங்கிற்று. மறை நம்மிடம் வேரூன்றியது. சப்பாத்து மட்டும் நெடுங்காலம் பூசைக்கும் கலியாணத்துக்கும் என்று ஒதுங்கியே இருந்தது. எனக்கென்று வாங்கிய முதலாவது சோடி, குருமடத்திற் சேருகிற நாளுக்காக. அம்மா இரண்டு அளவு பெரிதாக வாங்கித் தந்தார். வளருவேனாம். வளரவில்லை.

இந்த நாட்டிலோ ஓடாதவர்களுக்கும் அது ஓட்டச் சப்பாத்துத்தான். ரிம் ஹோர்ட்டன்ஸில் மூன்று மணிநேரம் அரசியல் பேசிக்கொண்டு அசையாமல் இருப்பவர் காலிலும் அதுதான். உண்மையில் ஓடுகிறவர்களோ ஒரு துறவற சபையைப்போல் வாழ்கிறார்கள். விடியுமுன் எழுகிறார்கள்; உணவை அளந்து உண்கிறார்கள்; கைக்கடிகாரம் சொன்னபடி மூச்சுவிடுகிறார்கள்; செய்த தவத்தை மட்டும் மறைவாக வைக்காமல் முகநூலில் கிலோமீற்றர் கணக்கோடு வெளியிடுகிறார்கள். அவர்களுக்குள் சமயப் பிரிவினைகளும் உண்டு. தடித்த அடி வேண்டும் என்போர் ஒருபுறம். வெறுங்காலே இயற்கை என்போர் மறுபுறம். அவிலா நகர்ப் புனித தெரேசா 16ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபையைச் சீர்திருத்தியபோது செருப்பணிந்தோர், செருப்பணியாதோர் என்று சபையே இரண்டாயிற்று. ஆகவே இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அதிக உரிமையில்லை.

பிரிவினையிற் சிறந்தது ஜேர்மனியில் நடந்தது. ஹெர்ஸோகனவுராக் என்ற சிற்றூரில் அடொல்ஃப், ருடொல்ஃப் டாஸ்லர் என்ற சகோதரர்கள் சேர்ந்து சப்பாத்துச் செய்து வந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மனக்கசப்பு முற்றிப் பிரிந்தார்கள். அண்ணன் 1948இல் பூமாவைத் தொடங்க, தம்பி 1949இல் அடிடாஸைத் தொடங்கினார். ஊரும் ஆற்றுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கமாகப் பிளந்தது. எதிரே வருபவரோடு பேசலாமா என்று அறிய முதலில் அவர் காலைப் பார்ப்பார்களாம். அதனால் கழுத்து வளைந்தவர்களின் ஊர் என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது. நற்கருணை வரிசையில் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது. ஒரே பாடசாலைக்கு இரண்டு பழைய மாணவர் சங்கங்கள் நடத்துகிற நமக்கு இது வியப்பாகவும் இராது.

இன்னுமொன்று. 2019இல் நியூயோர்க் புரூக்ளினைச் சேர்ந்த மிஸ்சிஃப் என்ற கலைஞர் குழு, நைக்கிச் சப்பாத்தின் அடியில் யோர்தான் ஆற்று நீரை அடைத்து, "இயேசு சப்பாத்து" என்று பெயரிட்டு விற்றது. விலை 1,425 அமெரிக்க டொலர். ஏன் அந்த எண்? மத்தேயு நற்செய்தி 14ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தில் ஆண்டவர் கடல்மேல் நடக்கிறார். வாங்கியவரும் தண்ணீர்மேல் நடப்பாராம். பேதுருவும் சில அடிகள் நடந்தார். அப்போது அவர் காலில் என்ன இருந்தது என்று நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை. நான் இதைப் பிரசங்கத்திற் சொன்னபோது நம் இளைஞர்கள் அதிர்ச்சியடைவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கேட்டது, இப்போது அதன் மறுவிற்பனை விலை என்ன என்பதை.

இந்த மறுவிற்பனைதான் உங்களிற் பல பெற்றோருக்கு விளங்காத மறைபொருள். ஓடுவதற்கென்று செய்த சப்பாத்தைப் பிள்ளைகள் ஓடாமல் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விலை ஏறியதும் விற்கிறார்கள். அணிந்தாலும் முன்பக்கத் தோலில் மடிப்பு விழக்கூடாது என்பதற்காக, விரலை வளைக்காமல், தாராவைப்போலத் தட்டையாக நடக்கிறார்கள். மேலே சொன்ன பதினேழு வயதுப் பையன் என்னைத் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப்போய்ப் பதினொரு பெட்டிகளைக் காட்டினான். ஒன்றைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கி, இரு கைகளாலும் உயர்த்தினான். திருப்பண்டத்தை இவ்வளவு வணக்கமாகத் தூக்குகிற குருவானவர்களைக்கூட நான் அதிகம் கண்டதில்லை. அவற்றுக்கான பணம் பகுதிநேர வேலையிற் பாதியும் தகப்பனிடம் கேட்டு வாங்கியது பாதியும்.

அந்தத் தகப்பனைப் பற்றி இனி எழுதுகிறேன். தந்தை, மகன் இருவரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன். யார் என்று என்னிடம் கேட்காதீர்கள், தெரிந்தாலும் அவர்களிடம் பேசாதீர்கள்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது பங்குப் பேரவைக்குத் தெரியும். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வழிசெய்த பிறகு சற்று இலகுவாயிற்று. வருகிறவர்கள் வீட்டிலேயே காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வாசனை பூசி, நகம் வெட்டி வருவார்கள். நான் கழுவுவது ஏற்கெனவே கழுவிய கால். இந்த வருடம் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஓட்டச் சப்பாத்து. அவற்றின் நாடாக்களை அவிழ்த்து முடிய, பாடகர் குழு ஒரே பாடலை நான்கு தடவை பாடவேண்டியதாயிற்று. கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து இருத்தினார்கள். ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இரவு வேலை செய்கிறவர். காலில் பச்சை முக்கோணம் பொறித்த இரும்புமுனைச் சப்பாத்தோடுதான் அவரை வார நாட்களிற் காணலாம். அன்று ஓர் அழகான வெள்ளை ஓட்டச் சப்பாத்து அணிந்திருந்தார். அவருக்குச் சிறிதும் பொருந்தாத அளவு பெரிது.

அவர் தாமே குனிந்து வலது சப்பாத்தைக் கழற்றினார். காலுறை இலகுவில் வரவில்லை, இழுத்தபோதுதான் வந்தது. பெருவிரலின் அடியில், ஒரு சதக் குற்றியளவு, ஈரமான திறந்த புண். தண்ணீர்க் குவளையோடு என்னருகே நின்றவன் அவருடைய மகன். ஊற்றவேண்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்து, யாருக்கும் கேளாத குரலில், "கழுவுங்கோ சுவாமி, நோகேல்லை" என்றார்.

நோகவில்லை. என் வைத்தியர் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னதன் பொருள் எனக்கு அந்த இடத்தில் விளங்கிற்று. சீனி வருத்தம் நீண்டகாலம் கட்டுப்படாமல் இருந்தால் முதலிற் கெடுவது காலின் நரம்புகள். புண் வரும், வலி வராது. வலி வராததால் அதன்மேல் நடப்போம். இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாது. கிருமி புகுந்து எலும்புவரை இறங்கினால் விரலை, சிலவேளை காலையே எடுக்கவேண்டிவரும். காலுறையில் தெரிந்த கறையைச் சப்பாத்தின் உட்தாள் சாயம் என்று அவர் நினைத்திருந்தார். நான் புண்ணைத் தொடாமல் மேற்பாதத்தில் மட்டும் நீரை ஊற்றித் துடைத்தேன். திருப்பலி முடிந்ததும், நற்கருணை முன் விழித்திருக்கும் வேளையை உதவிக் குருவானவரிடம் ஒப்படைத்துவிட்டு, தந்தையையும் மகனையும் என் காரில் ஏற்றி மருத்துவமனைக்குப் போனேன். அவசரத்தில் அங்கியைக் கழற்ற மறந்துபோனேன். அவசர சிகிச்சைப் பகுதியில் வெள்ளை அங்கியும் செம்மஞ்சள் சப்பாத்துமாக நின்ற என்னை ஒரு தாதி, நோயாளர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்டித் தந்தார்.

காத்திருந்த நேரத்தில் மகன்தான் முதலிற் பேசினான். அது அவன் போன வருடம் கழித்துவிட்ட சப்பாத்து. பத்தாம் அளவு. தகப்பனுக்கு எட்டு. முன்பக்கத்தில் ஒரு காலுறையைச் சுருட்டி அடைத்து அணிந்திருக்கிறார். அந்தச் சுருள்தான் விரலடியை அரைத்திருக்கிறது. "ஏனப்பா எறியேல்லை?" என்று கேட்டான். "காசு குடுத்து வாங்கினதை எறியிறதே?" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்த்து, "சுவாமிக்குத் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியும். உங்களிற் பலருக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. வலிகாமம் முழுவதையும் விட்டுத் தென்மராட்சிக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தபின், இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் ஒரே பாதையில் இறங்கிய நாள். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் அடி வைக்க அரைமணி நேரம். நான் அப்போது இளங்குருவானவர். ஒரு மூதாட்டியைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு அதே கூட்டத்தில் வந்தேன். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. தாயைக் கையிற் பிடித்திருந்தார். பாலத்துக்கு அருகில் யாரோ பின்னால் மிதித்ததில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. குனிந்து எடுக்க முடியாது. குனிந்தால் எழும்ப முடியாது. மற்றச் செருப்போடு சாவகச்சேரிவரை நடந்தார். நானும் அன்று காலுக்கடியில் அவற்றை உணர்ந்தேன்: சேற்றுக்குள் புதைந்த செருப்புகள், ஒற்றை ஒற்றையாக, ஒரு நிலத்தையே பாவியதுபோல. எஞ்சிய அந்த ஒற்றைச் செருப்பை அவர் எறியவில்லை. பல மாதங்கள் வைத்திருந்தார். யாராவது மறுகாலுக்கு ஒன்று தருவார்கள் என்று.

மகன் ஒன்றும் பேசவில்லை. இரவு வேலைக்காரத் தகப்பனும் பகற்பாடசாலை மகனும் சந்திக்கிற இடம் வாசலிலுள்ள சப்பாத்து அடுக்கு மட்டுமே என்பது நம் வீடுகளில் புதினமல்ல. அவன் தகப்பனின் அழுக்குக் காலுறையை மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டான்.

புண் எலும்பைத் தொடவில்லை. மருந்து கட்டி, கிருமிக்கு மாத்திரை கொடுத்து, அந்தக் காலில் பாரம் வைக்கக்கூடாது என்று சில வாரங்கள் வீட்டில் இருத்தினார்கள். விரல் தப்பிற்று. பாத மருத்துவர் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனெனில் நம் பங்கில் சீனி வருத்தம் இல்லாத வீடு எனக்குத் தெரிந்து குறைவு: பிறர் அணிந்து அவர்கள் காலுக்குப் படிந்த சப்பாத்தை அணியாதீர்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் போய் அளந்து வாங்குங்கள். அணியுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து இரண்டாம் வாரம் அந்தப் பையன் திருப்பண்ட அறையில் என்னிடம் வந்து, "ஃபாதர், ஒரு பெட்டியை வித்திட்டன்" என்றான். எந்தப் பெட்டி என்று கேட்டேன். நான் முன்பு பார்த்த அதே பெட்டி. அந்தக் காசில், காயம் ஆறியபின் தகப்பனை அழைத்துப்போய், அந்தச் சரிந்த கணுக்காற் காணொளி எல்லாம் எடுத்து, எட்டாம் அளவில், முன்பக்கம் அகலமான சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறான். தகப்பன் என்னிடம் வந்து முறையிட்டார்: "இருநூற்றி நாற்பது டொலர் சுவாமி! இவனுக்கு விசர்." அவர் நடந்து போகையில் பின்னாலிருந்து கவனித்தேன். விரலை வளைக்காமல், தாராவைப்போலத் தட்டையாக நடந்துகொண்டிருந்தார். மடிப்பு விழக்கூடாதாம்.

சரி, என் நடைக்கு வருகிறேன். 1960இல் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா, கிடைத்த சப்பாத்து காலுக்குப் பொருந்தாததால் வெறுங்காலோடு உரோமையின் மரதன் ஓட்டத்தை வென்றார். புனித பவுல் கைதியாக உரோமைக்குள் நடந்துவந்த அதே அப்பியா சாலை வழியாகத்தான் அந்த ஓட்டமும் போயிற்று. 2019இல் கென்யாவின் எலியுட் கிப்சொகே, கரிமத் தகடு பதித்த சப்பாத்தோடு வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் அதே தூரத்தை ஓடினார். அடுத்த ஆண்டே உலகத் தடகளச் சம்மேளனம் அடிப்பகுதி 40 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது என்று விதி செய்தது. இருவரும் பெரியவர்கள். ஆயினும் என் வயதுக்கும் என் வேகத்துக்கும் ஏற்ற முன்மாதிரி ஃபௌஜா சிங் அவர்களே. தமது 89ஆம் வயதில் மரதன் ஓடத் தொடங்கி, 2011 ஒக்டோபர் 16ஆம் திகதி, நூறு வயதில், இதே ரொறொன்ரோவின் ஏரிக்கரை மரதனை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அதை ஏற்கவில்லை. குடிவரவு அலுவலகங்களில் அதே கேள்விக்கு விழித்து நின்ற நமக்கு அவருடைய கவலை விளங்கும். சென்ற 2025 யூலையில், பஞ்சாபில் தம் ஊர் வீதியில் வாகனம் மோதி, 114ஆம் வயதில் இறந்தார். ஆற்றோரம் என்னை முந்திச் செல்லும் சீக்கியப் பெரியவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நின்று பேசுவார்கள். அந்த இடைவெளியில் நாம் அவர்களை முந்திவிடலாம்.

இனி அறிவித்தல். எதிர்வரும் சனிக்கிழமை தொடங்கி ஒவ்வொரு சனியும் காலை 7 மணிக்கு ஆலய வாகனத் தரிப்பிடத்திலிருந்து ஹம்பர் ஆற்றோரமாக நடக்கப் போகிறோம். கட்டணம் இல்லை. எந்தச் சப்பாத்தும் ஆகும், உங்களுடையதாக இருந்தாற் சரி. சென்ற வாரம் வெள்ளோட்டமாக ஒன்பது பேர் போனோம். மேலே சொன்ன தகப்பனும் வந்தார். மகனும் வந்தான், முன்னால் ஓடிப்போய், திரும்பி எங்களிடம் வந்து, மறுபடியும் ஓடினான். நடை முடிந்தபின் தரிப்பிடத்தில் தேநீர் உண்டு, சீனி இல்லாமல். மட்டன் ரோல்ஸ் கொண்டுவரத் திட்டமிடும் அன்னையர் அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி தாழ்மையாக வேண்டுகிறேன்.

பாதையில் இப்போது வாத்துகள் குஞ்சு பொரித்துக் கூட்டமாக நிற்கின்றன. பார்த்து அடி வையுங்கள். அவற்றுக்கு எந்த நிறுவனத்தின் சப்பாத்தும் ஒன்றுதான்.

ஆண்டவரில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை